கைவினைக் கித்தாரும் விரலறிவும்

ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவை அடுத்த சிற்றூரில் 1817-ஆம் ஆண்டு பிறந்து, தச்சராகத் தொழில் பயின்று, செவில் நகரில் கித்தார் செய்து கீர்த்தி பெற்று, 1892-இல் மறைந்த அந்தோனியோ தே தோரெஸ், தம் வித்தையின் ரகசியம் யாதெனக் கேட்ட பாதிரியார் ஒருவரிடம், அது தம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இருப்பதாகவும், ஆதலின் பிறர்க்கு விட்டுச் செல்ல இயலாதென்றும் விடையிறுத்ததாக, உடனிருந்து கேட்ட வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார். இவ்விடையை ஏதோ தெய்விக வரப்பிரசாதமாகக் கொண்டு வியப்பது அக்கலைஞருக்கு இழைக்கும் அநீதி என்பது என் துணிபு. அவ்விரல்களில் குடிகொண்டிருந்தது காரண காரியம் தேர்ந்த அறிவே.

1862-இல் அவர் செய்த ஒரு வாத்தியம் இதற்குச் சான்று. முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மட்டும் வழக்கம்போல் ஸ்புரூஸ் மரத்தால் செய்தார். நாதத்திற்கு மூலாதாரம் மேற்பலகையே என்பதை, ஏனையவற்றை விலக்கி நிறுவிய பரிசோதனை இது. தருக்க சாஸ்திரிகளும் இதனினும் செம்மையாக வாதித்திரார். முதுகுக்கும் பக்கங்களுக்கும் விரும்பப்பட்ட பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டின் சர்வதேச வாணிகம் 1992-இல் தடைப்பட்ட பின், அதற்கு ஈடாகக் கொள்ளப்படும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தை இரண்டாந்தரமெனக் குறைகூறும் அன்பர்கள், பார்சிலோனா இசைக் காட்சிசாலையிலுள்ள அந்த அட்டைக் கித்தாரைச் சற்றே சிந்திப்பாராக.

மேற்பலகையின் உட்புறம் விசிறிபோல் ஒட்டப்படும் மெல்லிய சட்டங்களும் தோரெஸின் புதுப்படைப்பு அல்ல. காடிஸ் நகரத்துக் கைவினைஞர் முன்பே கையாண்டவை. அங்ஙனமாயின் அவர் தனிச்சிறப்பு யாது? பலகையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியாகப் பெருகுவது. இரண்டு மில்லிமீட்டர்ப் பலகை 2.2 மில்லிமீட்டராயின் விறைப்பு மூன்றிலொரு பங்கு கூடிவிடும். ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் விறைப்பில் ஒத்திரா. ஆகவே கைதேர்ந்தவன் இழைக்குந்தோறும் பலகையை ரேகை வாக்கிலும் குறுக்கிலும் வளைத்து, தட்டி ஓசை கேட்டு, அது போதிய அளவு இணங்கியது எனத் தேறிய கணத்தில் இழைப்புளியைக் கீழே வைக்கிறான். கனத்தை வரைபடம் உரைக்கும். இப்பலகைக்கு அக்கனம் தகுமா என்பதை உரைக்காது.

விறைப்பையும் அதிர்வையும் இக்காலக் கருவிகள் நுட்பமாக அளக்கின்றனவே எனச் சிலர் தடை கூறுவர். அளக்கின்றன, அவ்வளவுகளைப் பயில்வோர் ஏற்பதே முறை. எனினும் எந்த அளவில் நிறுத்தினால் எத்தகைய நாதம் பிறக்கும் என்னும் நிர்ணயம், பல வாத்தியங்களைச் செய்து கேட்ட அனுபவத்தாலன்றி வாராது. மியூனிக் நகரத்துக் கித்தார்க் கைவினைஞர் ஹெர்மன் ஹவுசர், கித்தார் வித்வான் ஸெகோவியாவின் கையிலிருந்த 1912-ஆம் ஆண்டு ரமீரெஸ் கித்தாரை 1924-இல் ஆராய்ந்தார். ஸெகோவியா மனமுவந்து தம் மேடைக்கு ஏற்ற ஹவுசர் கித்தார் பிறந்ததோ 1937-இல். மாதிரி கண்முன் இருந்தும், விரல்கள் கற்றுக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன.

ஆதலின் பழம் வாத்தியங்களின் அளவுகளை அரிதின் முயன்று தொகுக்கும் ஆராய்ச்சியாளர், இன்று வாழும் கைவினைஞர் பலகையை எங்ஙனம் வளைத்துப் பார்க்கின்றனர், எக்குறி கண்டு இழைப்பதை நிறுத்துகின்றனர் என்பதையும், பட்டறையில் உடனிருந்து, அவர்தம் சொற்களிலேயே குறித்து வைத்தல் வேண்டும்.