கட்டைகளால் எழும் கட்டடங்கள்: பெரியவர்களுக்கான லெகோ பெட்டிகளும் நாம் இழந்த வீடுகளும்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ உறவுகள் இருக்கும் வீடுகளுக்கு வந்து சேரும் பொதிகளில், உடுப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே இப்போது சில வேளை ஒரு கறுப்பு அட்டைப்பெட்டியும் இருக்கிறது. அதன் மூலையில் '18+' என்று அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவை நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பிளாஸ்ரிக் கட்டைகள். வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தினால் ஒரு தேவாலயமோ, கப்பலோ, பூங்கொத்தோ உருவாகும். பொருத்தி முடித்தபின் அதை அலுமாரியில் வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

துறைமுகத்தை அண்டிய பாலையூற்றில் இருந்து பார்த்தால் இது தூர தேசத்து வசதிபடைத்தோரின் பொழுதுபோக்காகத் தெரியலாம். விலையைப் பார்த்தால் அந்த எண்ணம் பிழையும் அல்ல. ஆனாலும் இந்தப் பெட்டிகள் எப்படி வந்தன, எதைக் கட்டுகின்றன, எதைக் கட்ட மறுக்கின்றன, இந்த வேலைமுறை நமக்கு எதற்கு உதவும் என்பவை அறிந்துகொள்ள வேண்டியவை.

தீயில் இருந்து எழுந்த பட்டறை

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிறிய ஊரில் தச்சுத்தொழில் செய்த ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன், 1932 இல் மர விளையாட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவோர் குறைந்து, தச்சு வேலை அருகிய காலம் அது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து 'லெகோ' என்று பெயரிட்டார். 1942 இல், நாடு ஜேர்மனியப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, பட்டறை எரிந்து போனது. வரைபடங்களும் மாதிரிகளும் அதோடு அழிந்தன. அவர் அதே ஊரில் மீண்டும் கட்டினார்.

பிளாஸ்ரிக் கட்டை லெகோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியாவின் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் செய்த கட்டைகளைப் பார்த்தே, 1949 இல் லெகோ தன் முதல் பிளாஸ்ரிக் கட்டைகளை விற்றது. அவை இறுகப் பிடிக்கவில்லை. கட்டையின் அடியில் குழாய்களை வைத்து மேற்குமிழ்களைக் கவ்வச் செய்யும் முறைக்கு 1958 சனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. 1963 இல் மூலப்பொருளும் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்ரிக்காக மாறியது. 1958 இல் செய்த கட்டை இன்று வாங்கும் கட்டையுடன் பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை மட்டும் 915,103,765 விதமாகப் பொருத்தலாம் என்பது கணித அறிஞர்கள் கண்ட கணக்கு.

சிறுவர் பெட்டி பெரியவர் கைக்கு வந்த கதை

பெரியவர்களுக்கு இக்கட்டைகளை விற்கும் எண்ணம் பழையது. நிறுவனரின் மகன் கொட்ஃபிரெட் தன் சொந்த வீட்டைத் திட்டமிட லெகோ கட்டைகளை அடுக்கிப் பார்த்தார். கட்டையின் அகலமும் உயரமும் வேறுபட்டதால் அளவுகள் ஒத்துவரவில்லை. அதிலிருந்து, கட்டடக் கலைஞர்களுக்கான 'மொடியூலெக்ஸ்' என்ற 5 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டைகள் 1963 இல் பிறந்தன. 2008 இல் 'ஆர்க்கிரெக்சர்' வரிசை தொடங்கியது. அதே ஆண்டு 5,922 கட்டைகள் கொண்ட தாஜ்மகால் வந்தது. தேடுவோர் மிகுந்ததால் 2017 இல் அது மறுபடியும் வெளியிடப்பட்டது. 2020 இல் பெரியவர்களுக்கான பெட்டிகள் எல்லாம் '18+' அடையாளத்தோடு கறுப்பு உறைக்கு மாறின. பெருந்தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஆண்டு அது.

இப்படி விற்பனைக்கு வந்தவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

கட்டடங்கள்: ரோமின் கொலோசியம் (2020, 9,036 கட்டைகள்), ஈஃபெல் கோபுரம் (2022, 10,001), ஜப்பானின் ஹிமேஜி கோட்டை (2023, 2,125), பாரிசின் நோத்ர தாம் தேவாலயம் (2024, 4,383).

ஊர்திகளும் கப்பல்களும்: டைட்டானிக் (2021, 9,090), தென்துருவப் பனியில் சிக்கி மூழ்கிய 'என்டூரன்ஸ்' (2024, 3,011).

செடிகளும் ஓவியங்களும்: பூங்கொத்து, பொன்சாய் மரம் (இரண்டும் 2021), ஒர்கிட், சுவரில் மாட்டும் உலக வரைபடம் (2021, 11,695).

திரைப்படம் சார்ந்தவை: 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் 'டெத் ஸ்டார்' (2025, 9,023). இதன் விலை 1,000 அமெரிக்க டொலர்.

இவற்றுள் நோத்ர தாம் நமக்குத் தனியாகக் கவனிக்கத்தக்கது. 2019 ஏப்ரல் 15 அன்று கூரையும் கூம்பும் எரிந்து வீழ்ந்ததை உலகம் நேரலையில் பார்த்தது. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. திறப்புக்குச் சில மாதங்கள் முன்பே இந்தப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. 1163 இல் தொடங்கிய கட்டுமானம் எந்த ஒழுங்கில் வளர்ந்ததோ, அந்த ஒழுங்கிலேயே வழிகாட்டிப் புத்தகமும் செல்கிறது. பொருத்துபவர் தேவாலயத்தின் வரலாற்றையே கையால் படிக்கிறார்.

கட்ட மறுத்த விமானம்

போர் விமானங்களின் இரைச்சலை அறிந்த வாசகர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்றைய போர்க்களங்களில் உள்ள ஆயுதங்களையும் இராணுவ ஊர்திகளையும் உண்மைத் தோற்றத்தில் செய்வதில்லை என்பது லெகோவின் நீண்டநாள் கொள்கை. கற்பனைப் படங்களில் வரும் துப்பாக்கிகளும் பழங்கால வாள்களும் உண்டு. தாங்கிகளும் இன்றைய போர் விமானங்களும் இல்லை.

2020 ஓகஸ்டில் 'வி-22 ஒஸ்பிரே' என்ற விமானத்தின் பெட்டி வெளிவர இருந்தது. மீட்பு விமானம் போல நிறம் பூசியிருந்தாலும், உண்மை ஒஸ்பிரே இராணுவங்களின் பயன்பாட்டில் மட்டுமே உள்ளது. ஜேர்மனியின் சமாதானச் சங்கம் ஒன்று இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. பெட்டிகள் அச்சாகி, சில கடைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்த நிலையில், யூலை மாதத்தில் நிறுவனம் வெளியீட்டைக் கைவிட்டது.

எல்லா நிறுவனங்களும் இப்படி இல்லை. போலந்தின் 'கோபி' நிறுவனம் தாங்கிகளையும் போர்க்கப்பல்களையும் முதன்மைப் பொருளாகவே விற்கிறது. அன்பளிப்பு அனுப்பும் உறவினர் பெட்டியின் படத்தை ஒருமுறை பார்த்து அனுப்புவது நல்லது. ஒரு வீட்டில் அலங்காரமாக இருப்பது இன்னொரு வீட்டில் பழைய இரவொன்றை எழுப்பிவிடலாம்.

மாற்றுக் கட்டையும் போலிப் பெட்டியும்

லெகோவோடு பொருந்தும் பிற நிறுவனக் கட்டைகள் எல்லாம் சட்டவிரோதமானவை அல்ல. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. கட்டையின் வடிவத்தையே வணிகக் குறியாக்கி மற்றவர்களைத் தடுக்க லெகோ எடுத்த முயற்சியை 2005 இல் கனடாவின் உயர் நீதிமன்றமும், 2010 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆகவே வேறு நிறுவனம் தன் சொந்த வடிவமைப்பில் செய்து விற்கலாம். லெகோவின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே பிரதிசெய்வதுதான் குற்றம். 'லெபின்' என்ற பெயரில் அப்படிச் செய்த சீன நிறுவனத்தைப் பொலிசார் 2019 இல் முற்றுகையிட்டனர். அதன் தலைவருக்கு மறு ஆண்டு 6 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வாங்குமுன்

விலையைக் கட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது எளிய அளவுகோல். 2017 இல் வந்த தாஜ்மகாலின் விலை ஏறத்தாழ 370 டொலர். ஒரு கட்டைக்கு 6 சதம் வருகிறது. 'டெத் ஸ்டார்' பெட்டியில் அது 11 சதம். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் தாஜ்மகால் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டும். நம் ஊரில் பல குடும்பங்களின் மாத வருமானத்தைவிட அது அதிகம். ஆகவே ஆசைக்குச் சிறிய பெட்டியே போதும். பழைய பெட்டிகளை உதிரியாக வாங்குவோருக்கும் வழி உண்டு: 1996 முதல் வந்த பெரும்பாலான பெட்டிகளின் வழிகாட்டிப் புத்தகங்களை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

திருகோணமலையின் வெயிலுக்கும் கச்சான் காலத்துப் புழுதிக்கும் ஏற்ப வைத்திருக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகும். யன்னலோரம் தவிர்த்து, கண்ணாடி அலுமாரியில் வைப்பது நல்லது. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டலாம். கழுவுவதானால் 40 பாகைக்கு மேற்படாத நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். கொதிநீர் கட்டையை நெளித்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

நம் கட்டடங்கள் எங்கே?

கறுப்புப் பெட்டிகளில் ரோம் உண்டு, பாரிஸ் உண்டு, ஆக்ரா உண்டு. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில் இல்லை. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் இல்லை. கொட்டியாரக் குடாவின் மறுகரையில், சம்பூரில் 2006 வரை நின்ற வீடுகள் இல்லை. அந்த மக்கள் ஏறத்தாழ ஒரு பத்தாண்டு இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, பலருடைய வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. எந்த நிறுவனமும் இவற்றைப் பெட்டியில் போட்டு விற்கப் போவதில்லை. ஆனால் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் முறையை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த முறை அளவில் தொடங்குகிறது. லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீற்றர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். தட்டையான துண்டு அதில் மூன்றில் ஒன்று. இடிந்த வீடொன்றின் முன் அறை 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைப்போம். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 15 குமிழ், அகலம் 11 குமிழ், சுவர் 6 கட்டையும் ஒரு தட்டும். கணினி இருந்தால் கட்டை எதுவும் வாங்காமலே 'ஸ்டூடியோ' என்ற இலவச மென்பொருளில் இதைக் கட்டிப் பார்க்கலாம். கணினியும் இல்லையென்றால் தீப்பெட்டியோ மட்டையோ போதும்.

கணக்கைவிடக் கேள்விகளே முக்கியம். விறாந்தைக்கு எத்தனை தூண்? குசினி வீட்டோடு சேர்ந்ததா, தனியா? கிணறு எந்தப் பக்கம்? சாமியறை யன்னல் எங்கே திறந்தது? 'பெரிய வீடு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அம்மம்மா, கட்டையைக் கையில் எடுத்ததும் வாசலை இடம் மாற்றி வைப்பார். அவர் சொல்லும் அடியையும் முழத்தையும் பேரப்பிள்ளை குறித்துக்கொண்டால், ஒரு குடும்பத்தின் ஆவணம் உருவாகிவிட்டது.

இது புதிதல்ல. ஜோர்தானின் சாத்தாரி அகதி முகாமில் சிரியக் கலைஞர்கள், பல்மைராவின் தூண்களையும் டமஸ்கசின் உமையாத் பள்ளிவாசலையும் களிமண்ணாலும் கழித்த மரத்துண்டுகளாலும் சிறு வடிவில் செய்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் தம் நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்பட்ட வார்சோவின் பழைய நகரை மீளக் கட்டியபோது, கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்துவைத்த அளவு வரைபடங்கள் உதவின. அளவு எழுதப்பட்டிருந்ததால் கட்ட முடிந்தது.

இந்த வேலையின் எல்லையையும் சொல்ல வேண்டும். மாதிரி வீடு காணி உறுதிக்கு ஈடாகாது. மனக் காயத்துக்கு அது மருந்தும் அல்ல. சிலருக்கு அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே நோவாக இருக்கும், அவர்களை வற்புறுத்தக்கூடாது. பேச விரும்பும் மூத்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். விறாந்தைத் தூண்களின் எண்ணிக்கை அவர்களிடம்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பொதி வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி, ஒரு பின்னேரம் இருந்தால் தொடங்கலாம்.