துபாய்க்குப் பேசலாம், பொன்னேரிக்குப் பேசக்கூடாது

எஸ்ஐபி என்றால் எங்கள் பி.காம் வகுப்பில் மியூச்சுவல் ஃபண்டு என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் கேட்டால் 'சிப்காட்டா?' என்பார்கள். நான் சொல்ல வருவது மூன்றாவது எஸ்ஐபி. இன்டர்நெட் வழியாக போன் மணி அடிக்க வைக்கும் நெறிமுறை.

இதற்கு அண்ணன் எச்.323. 1996-ல் டெலிபோன் உலகின் அமைப்பான ஐடியு வெளியிட்டது. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் புத்தியோடு செய்தது, அதனால் கனமானது. மைக்ரோசாஃப்டின் நெட்மீட்டிங் இதைத்தான் பயன்படுத்தியது. 1999-ல் இன்டர்நெட் ஆட்களின் ஐஇடிஎஃப்பில் இருந்து வந்தது எஸ்ஐபி. வலைப்பக்கம் கேட்பது போல சாதாரண எழுத்தில் 'இன்வைட்' என்று அனுப்பும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் குரல் ஏறிப் போகிற வண்டி ஒன்றேதான், ஆர்டிபி. எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் சண்டை!

இந்தியாவில் இன்டர்நெட் போனுக்கு 2002 ஏப்ரல் 1 அன்றுதான் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு அழைப்பில் விஎஸ்என்எல்லின் ஏகபோகம் முடிந்ததும் அதே சமயம்தான். அரசு விதியிலேயே எச்.323, எஸ்ஐபி இரண்டின் பெயரும் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். உள்ளூர் போனுக்குக் கூடாது. அதாவது கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து துபாய் போனுக்குப் பேசலாம், பொன்னேரி போனுக்குப் பேசினால் குற்றம்! உள்ளூர் போன் கம்பெனிகளின் வருமானத்துக்குப் போட்ட வேலி என்று நினைக்கிறேன். 2018-ல்தான் அது நீங்கியது.

அப்பா 2004-ல் சிங்கப்பூரில் வெல்டர். நான் கைக்குழந்தை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டர் போவாராம். நெட்மீட்டிங்கில் அழைப்பு சேரும், ஆனால் அப்பா குரல் வராது. அம்மா கத்திக்கொண்டே இருப்பாராம். பத்து கம்ப்யூட்டருக்கு ஒரே இணைப்பு, ஒரே வெளி முகவரி. உள்ளே வரும் குரல் எந்த மெஷினுக்கு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும். எஸ்ஐபிக்கும் இதே தொல்லைதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2003-ல் வந்த ஸ்கைப். தன் சொந்த ரகசிய நெறிமுறையில் எப்படியாவது வழி கண்டுபிடித்து நுழைந்துவிடும். அம்மாவுக்கு எச்.323 தெரியாது, ஸ்கைப் தெரியும். (2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள்.)

எழுத்துச் செய்திக்கு ஜாபர் என்று 1999-ல் தொடங்கி, எக்ஸ்எம்பிபி ஆன நெறிமுறை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஈமெயில் மாதிரி எந்த சர்வரிலிருந்தும் எந்த சர்வருக்கும் பேசலாம். கூகுள் டாக் 2005-ல் இதில்தான் வந்தது, 2006-ல் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் கதவை மூடத் தொடங்கினார்கள். வாட்ஸப்பும் எக்ஸ்எம்பிபியில் இருந்து கிளம்பியதுதான், ஆனால் பல வருடங்கள் வெளி ஆளுக்குக் கதவே வைக்கவில்லை. இது எனக்கு இன்னும் கோபம்தான்.

எஸ்ஐபி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதன் குரல் அழைப்பு முழுக்க வோல்ட்இ. அதற்குள் மணி அடிப்பது எஸ்ஐபி. சாயங்காலம் ஸ்டேஷனில் ஒடிசாவுக்குப் பேசிக்கொண்டிருக்கும் சிப்காட் தொழிலாளர்கள் போனிலும் அதுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அன்னைக்கு நான் கத்தினது அவருக்காவது கேட்டுச்சா?" என்றார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார்.