விருந்தாளியாக வந்தவரின் திருநாள்



பிப்ரவரி 4 நெருங்கும்போது ஓரியூருக்கு எந்தப் பேருந்தில் போவது, எத்தனை நாள் விடுப்பு எடுப்பது என்று நம் வீடுகளில் பேச்சு எழுகிறது. புறப்படுமுன், நாம் தேடிப்போகும் புனிதர் நம் மண்ணுக்கு எப்படி வந்தார் என்று சற்றே சிந்திப்போம்.

1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, போர்த்துக்கல் அரசவையில் இளவரசரோடு வளர்ந்தவர். 1673-இல் கோவா வந்தார். அது போர்த்துக்கீசியர் ஆண்ட இடம். தம் நாட்டு உடையோடும் உணவோடும் அங்கேயே இருந்திருக்கலாம். அவரோ மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, தமிழ் கற்று, காவி உடுத்தி, புலால் விலக்கி, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார்; அருளானந்தர் ஆனார். தாயகம் சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் அங்கேயே தங்கச் சொன்னார். அதை மறுத்து 1690-இல் திரும்பி வந்தார்.

நம் வழக்கங்களை மதித்தவர் நற்செய்தியை விட்டுக்கொடுக்கவில்லை. திருமுழுக்குக் கேட்ட தடியத்தேவரிடம் ஒரே மனைவியோடு வாழச் சொன்னார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அதனால் எழுந்த சினம், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்படும் வரை தணியவில்லை. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தூத்துக்குடியில் ஆகஸ்டு 5, பனிமய மாதா திருநாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். அரசு விடுமுறைக்கே ஈடு உண்டென்றால், ஓரியூருக்காக நாம் எடுக்கும் விடுப்புக்கு என்ன ஈடு தருகிறோம்?

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தாரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிள்ளையார்பட்டியில் வெளியூர்க் கூட்டம் நிறையும் நாள்களில், வருகிறவர்கள் எப்படி நடந்துகொண்டால் ஊராருக்கு மகிழ்ச்சி என்பதும் நமக்குத் தெரியும். ஓரியூரில் நாமே வெளியூரார். எனவே உண்ட இலையை வழியில் போடாதிருப்போம். தண்ணீர்க் குழாயில் முறை காத்து நிற்போம். இரத்தம் தோய்ந்த மண் என்று நாம் போற்றும் செம்மண்ணை மூட்டையாகக் கட்டாமல், ஒரு சிட்டிகை எடுப்போம். பிள்ளை வரம் வேண்டி வரும் பிற சமயச் சகோதரிக்கு முன்னால் இடம் விடுவோம்.

எம்மாவு வழியில் நம் ஆண்டவரே வழிப்போக்கராக நடந்தார். நம் பயணத்திலும் உடன் வரும் அந்நியரில் அவரைக் கண்டுகொள்வோம். அதுவே அருளானந்தருக்கு நாம் தரும் ஈடு. ஆமென்.