சைக்கோபாத்: நொந்தவனின் பெயர்

எரிந்து விழும் மேலாளரைப் பார்த்து, 'ஆளு ஒரு சைக்கோ' என்று சொல்லிவிடுகிறோம். 1960இல் ஹிட்ச்காக் எடுத்த படத்துக்கு அதுதான் பெயர். 2020இல் மிஷ்கினும் அதே பெயரில் எடுத்தார். கத்தியோடும் கொலையோடும் சேர்த்தே அந்தச் சொல் நமக்குப் பழக்கம். அதன் முழு வடிவமான 'சைக்கோபாத்'தின் பூர்வீகம் வேறு.

கிரேக்கத்தில் 'சைக்கீ' என்றால் மூச்சு, உயிர். 'பாத்தோஸ்' என்றால் துன்பம். இரண்டையும் கூட்டினால் உயிர் நோவு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர்கள் முதலில் இந்தச் சொல்லைப் பொதுவாக மனநோய்க்கே வழங்கினார்கள். 1891இல் யூலியுஸ் கோஹ் பொருளைக் குறுக்கி, பைத்தியம் என்றும் சொல்ல முடியாத, சீரான மனம் என்றும் சொல்ல முடியாத இடைநிலைக்கு வைத்தார். 1923இல் குர்ட் ஷ்னைடர் எழுதிய வரையறையில்தான் சொல் திரும்பியது: தம் இயல்பால் தாமே துன்புறுவோர், அல்லது சமூகத்தைத் துன்புறுத்துவோர். நொந்தவனும் நோகடிப்பவனும் ஒரே பெயருக்குள் வந்தார்கள். பிறகு நொந்தவன் மெல்ல விலக, பெயர் மற்றவனுக்கே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் ஹெர்வி கிளெக்லி சைக்கோபாத்களைப் பற்றி 1941இல் எழுதிய நூலில், அப்படிப்பட்ட தொழிலதிபர், மருத்துவர், ஏன், மனநல மருத்துவரைப் பற்றிக்கூடத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. அலுவலகத்துக்குள் இந்தப் பெயர் நுழைந்த வாசல் அதுதான் என்பேன்.

கனடாவின் ராபர்ட் ஹேர் சிறைக் கைதிகளை ஆராய்ந்து, சைக்கோபாத் குணங்களை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. பயிற்சி பெற்றவர் நேரில் பேசியும் பழைய ஆவணங்களைப் புரட்டியும் மதிப்பெண் போடுவதே முறை. 2010இல் அவரும் பால் பேபியாக்கும் கிரெய்க் நியூமனும் நிறுவனப் பணியாளர்கள் 203 பேரை அளந்து வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. இந்தக் குணங்கள் கூடியவர்களுக்குப் பேச்சுத்திறன், புதுமை, வியூகம் ஆகியவற்றில் நல்ல பெயர். கூட்டாக வேலை செய்வதிலும், ஆட்களை நடத்துவதிலும், முடித்துக் காட்டிய வேலையிலும் மோசமான பெயர். அப்படியும் சிலர் உயர்பதவியில் இருந்தார்கள்.

சத்தம் போடுகிறவர் மேல் நாம் வீசும் சொல், சிரித்த முகத்தோடு பிறர் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவரைத் தொடுவதே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சைக்கோபாத் தன்மை தனி நோயாகவும் இல்லை. அங்கே உள்ளது 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு'. ஆகவே அலுவலகப் புகாரில் இந்தச் சொல்லை எழுத வேண்டாம். யார் செய்த அறிக்கை, யார் பெயரில், எந்தத் தேதியில் மேலே போனது என்று எழுதுங்கள்.