செங்கல் முதல் நூற்றுப் பதினெட்டு மாடி வரை

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தருமாறு தலைமையாசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற காட்சிதான் உடனே கண்முன் வந்தது.

அவள் அப்போது ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பாக அவள் படிக்கும் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள். உயரமான கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவளுக்கு வந்த கேள்வி.

"என்னம்மா பேசினே?" என்று கேட்டேன்.

"'திஸ் இஸ் எ வெரி டால் பில்டிங்'னு ஆரம்பிச்சேன் சார். அதுக்கு மேல ஒன்னும் வரல. அப்படியே நின்னுட்டேன்."

"ஏன், இங்கிலீஷ் வார்த்தை கிடைக்கலையா?"

"வார்த்தை இல்ல சார், சொல்றதுக்கு விஷயமே இல்ல. கூட இருந்த பிள்ளை லிப்ட்ல ஏறினது, மேலே போய்ப் படம் எடுத்ததுன்னு பேசிக்கிட்டே இருந்தா. நான் எங்கே சார் போயிருக்கேன்? நம்ம தோட்டத்துல உசரமா இருக்கிறது தண்ணித் தொட்டிதானே!"

அவள் தாயார் முன்பு நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "அம்மா இப்ப எங்கே வேலை?" என்று கேட்டேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோலாலம்பூர்ல சார். ஒரு ஆபீஸ் கட்டடத்துல கூட்டித் துடைக்கிற வேலை. இருபத்து மூணாவது மாடி."

"அதைச் சொல்லியிருக்கலாமே?"

"சிரிப்பாங்க சார்."

அந்த ஒரு சொல் என்னை வருத்தியது. அதன்பின் சில மாலைகள் அவளை உட்கார வைத்து, உயரமான கட்டடங்களின் சரித்திரத்தைத் தமிழிலேயே சொன்னேன். விஷயம் மனத்தில் தங்கினால் மொழி பின்னால் வந்து சேரும் என்பது என் நம்பிக்கை. அவளுக்குச் சொன்னதையே மாணவ மணிகளுக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

மேலே ஏற வழி பிறந்த கதை

முற்காலத்தில் மனிதனுக்கு உயரமாகக் கட்ட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது சுவர். கல்லாலும் செங்கல்லாலும் கட்டும்போது மேல் மாடிகளின் பாரம் முழுவதையும் கீழ்ச்சுவரே தாங்க வேண்டும். உயரம் கூடக் கூட அடிச்சுவரின் கனமும் கூடும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1891-ஆம் ஆண்டு மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடத்தைச் செங்கல் சுவரில் எழுப்பினார்கள். அதன் அடிச்சுவர் 6 அடி கனம்! அதற்குமேல் போனால் கீழ்த்தளத்தில் சுவர்தான் இருக்கும், மனிதருக்கு இடம் இருக்காது.

இரண்டாவது தடை படிக்கட்டு. ஐந்தாறு மாடிக்கு மேல் தினமும் நடந்து ஏற யார் சம்மதிப்பார்கள்? பாரம் தூக்கும் எந்திரங்கள் அப்போதே இருந்தன. ஆனால் கயிறு அறுந்தால் உயிர் போகுமே என்று மக்கள் பயந்தார்கள். எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர், கயிறு அறுந்தாலும் தட்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பு ஒன்றைச் செய்தார். 1857-ஆம் ஆண்டு நியூயார்க் கடை ஒன்றில் அவருடைய நிறுவனத்தின் பயணிகள் லிப்ட் ஓடத் தொடங்கியது.

சுவரின் தடையை எஃகு உடைத்தது. 1885-இல் வில்லியம் லி பேரன் ஜென்னி என்பவர் சிக்காகோவில் 10 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி முடித்தார். அதில் பாரத்தைப் பெரும்பாலும் தாங்கியது சுவரன்று, உள்ளே இருந்த இரும்பு, எஃகுச் சட்டம். நம் உடம்பை எலும்பு தாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியிலேயே வளர்ந்து 1931-இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளோடு 381 மீட்டர் உயரத்தில் நின்றது.

அத்தாப்புக் கூரையிலிருந்து மணிக்கூண்டு வரை

சிக்காகோவில் எஃகு எழுந்த அதே காலத்தில் நம் கோலாலம்பூர் எப்படி இருந்தது தெரியுமா? ஈயம் தோண்ட வந்தவர்களின் ஊர் அது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக வீடுகள் நெருங்கிக் கிடந்தன. 1881-ஆம் ஆண்டு பெருந்தீ ஒன்று ஊரை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். சீனர்களின் காப்பித்தானாக இருந்த யாப் ஆ லோய் செங்கல் சூளை வைத்தார்.

செங்கல் அறுத்துச் சுட்ட அந்தப் பகுதிதான் இன்றைக்கும் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரோடு இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோமே, அதே பிரிக்பீல்ட்ஸ்தான்! 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர்கள் பலர் இரயில்வே வேலைக்காக அங்கே குடியேறினார்கள். ஆக, தலைநகரைச் செங்கல் நகராக்கிய இடமும் நம்மவர் வேரூன்றிய இடமும் ஒன்றாகவே அமைந்தன.

1897-இல் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் மணிக்கூண்டின் உயரம் 41 மீட்டர். 2006-இல் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். அதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் அந்நாளில் ஊரே அண்ணாந்து பார்த்த உயரம் அது. 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் நள்ளிரவில், அதற்கு எதிரே இருந்த திடலில்தான் ஆங்கிலேயரின் கொடி இறங்கி நம் கொடி ஏறியது.

சுதந்திர நாட்டின் உயரங்கள்

சுதந்திரம் பெற்ற நாடு தன் கட்டடங்களைத் தானே எழுப்பத் தொடங்கியது. 1963-இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் கோபுரக் கட்டடம் 77 மீட்டர். பினாங்கில் 1974-இல் தொடங்கிய கொம்தார் கட்டடம் எண்பதுகளின் நடுவில் 65 மாடிகளோடு நிறைவு பெற்றது. 1984-இல் கோலாலம்பூரில் டாயாபூமி எழுந்தது.

அதன்பின் வந்தவை பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள். ஜாலான் அம்பாங்கில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடம் அது. 88 மாடிகள், 452 மீட்டர். 1998-இல் நிறைவு பெற்று, 2004-இல் தைப்பே 101 வரும்வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கின.

எல்லாரும் அதன் உச்சியைப் பார்க்கிறோம். நான் அந்தப் பிள்ளைக்கு அதன் அடியைப் பற்றிச் சொன்னேன். முதலில் குறித்த இடத்தில் பூமிக்கடியில் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் மெதுமண். ஒரு பக்கம் அமுங்கினால் கோபுரம் சாய்ந்துவிடும் அல்லவா? ஆகவே கோபுரங்களின் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். சில தூண்களை 114 மீட்டர் ஆழம் வரை இறக்கினார்கள். அவற்றின் மேல் ஒவ்வொரு கோபுரத்துக்கும் நாலரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் போட்டார்கள். அதை ஊற்றும் வேலை நிற்காமல் 54 மணி நேரம் நடந்தது. இவ்வளவும் இன்று கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கின்றன.

இப்பொழுது அதையும் மிஞ்சி நிற்பது மெர்டேக்கா 118. துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் சுதந்திரப் பிரகடனம் வாசித்த மெர்டேக்கா அரங்கத்தின் அருகில், 118 மாடிகளோடு 678.9 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 2024 ஜனவரியில் மாமன்னர் அதைத் திறந்து வைத்தார். 2010-இல் திறக்கப்பட்ட துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீபாவுக்கு அடுத்த உயரம் அது. அப்துல் சமாட் மணிக்கூண்டுகள் பதினாறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது.

உயரத்தின் மறுபக்கம்

சரித்திரம் என்றால் பெருமையை மட்டும் பேசுவதன்று. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று அடியோடு சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த குன்றில் நீர் வடிய ஒழுங்கான வழியில்லை. விடாது பெய்த மழையில் மண் சரிந்து அடித்தளத்தைத் தள்ளிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. எண்பதுகளிலிருந்து நகரம் வளர வளரத் தோட்டங்கள் பல மறைந்தன. இன்றைய புத்ராஜெயா எழுந்த இடம் முன்பு பெராங் புசார் ரப்பர் தோட்டம். நாடெங்கும் தோட்டம் கைமாறியபோது, லயன் வீட்டு வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்த நம் மக்களில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். என் அத்தையும் அப்படிப் போனவர்தான். லிப்ட் பழுதான நாளில் அரிசி மூட்டையோடு எட்டு மாடி ஏறிய கதையை இன்றும் சொல்லுவார். உயரமான கட்டடத்தைப் பற்றிப் பேச அவருக்குச் செய்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பேசத் தெரிந்த பிள்ளை

இவ்வளவையும் சொல்லி முடித்தபின் அந்தப் பிள்ளையிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். கட்டடம் எங்கே இருக்கிறது? எப்போது, எதற்காகக் கட்டினார்கள்? எதனால் விழாமல் நிற்கிறது? அதனுள் யார் உழைக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் மூன்று சின்ன ஆங்கில வாக்கியம் சொன்னால் போதும், பெரிய பெரிய வார்த்தை வேண்டாம் என்றேன். நாலாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் வராமல் அம்மாவிடம் கேட்டுவரச் சொன்னேன்.

மறுவாரம் வந்து ஆங்கிலத்தில் பேசிக் காட்டினாள். குத்தகைக்காரர் வேன் விடியற்காலை ஐந்து மணிக்கு வருமாம். லிப்ட் மேலே போகும்போது அம்மாவுக்குக் காது அடைக்குமாம். கண்ணாடியைத் துடைக்கும்போது கீழே கார்கள் தீப்பெட்டி மாதிரித் தெரியுமாம். மழை நாளில் எதிர்க் கட்டடத்தின் உச்சி மேகத்துக்குள் மறைந்துவிடுமாம். இலக்கணப் பிழைகள் இருந்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் நான்கு நிமிடம் நிற்காமல் பேசினாள்.

உண்மைத் தேர்வில் கட்டடத்தைப் பற்றிய கேள்வி வரவில்லை. வேறு ஏதோ தலைப்பு வந்ததாம். "பரவாயில்ல சார், நம்ம வீட்டுல இருந்தே ஆரம்பிச்சேன், வந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சில நாள் கழித்து அவள் தாயாரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "வாத்தியாரே, என் வேலையைப் பத்தி அவ என்கிட்ட இவ்வளவு விசாரிச்சது அதுதான் முதல் தடவை" என்றார். அதற்குமேல் அந்த அம்மாளுக்குப் பேச வரவில்லை.

அன்பான மாணவ மணிகளே! நாளை நீங்களும் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, முன்பின் தெரியாத தேர்வாளர் முன்னால் ஆங்கிலத்தில் பேசத்தான் போகிறீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்களே உங்களைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். நாட்டின் சரித்திரத்தைப் படியுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் அவர்கள் உழைப்பைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே சொல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது தயவுசெய்து சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். இருபத்து மூன்றாவது மாடியில் துடைப்பம் பிடித்த கையும், அந்த மாடியைக் கட்டிய கையும், அதை வரைந்த கையும் ஒரே சரித்திரத்தைச் சேர்ந்தவைதான்.

பரிசு பெறும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.