டேப்லெட்டும் கணினியும் பேசிக்கொள்ளாதது ஏன்? யூ.எஸ்.பி. கேபிளின் வரலாறு

டேப்லெட்டைக் கேபிள் வழியாகக் கணினியில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் கணினித் திரையில் டேப்லெட்டின் பெயரையே காணோம். உள்ளே இருக்கும் சான்றிதழ் படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுக்க வழியில்லை. இன்று பல வீடுகளில் காணப்படும் குறை இது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சோழவந்தான் போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் இடம் மாறியது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆசிரியர்களின் மதிப்பீட்டுப் பதிவும் செயலிக்குள் போயிற்று. ஆக, இரண்டு கருவிகளையும் இணைக்க வேண்டிய தேவை எளிய வீடுகளுக்கும் வந்துவிட்டது. இணையாவிட்டால் 'டேப் போச்சு' என்று முடிவு கட்டி மதுரைக்கு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. கோளாறு டேப்லெட்டில் இருப்பதைவிடக் கேபிளிலோ அமைப்பிலோ இருப்பதே அதிகம். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, இந்தக் கேபிள் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இதில் வரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பிறந்த ஆண்டு இருக்கிறது.

வடிவமே பெயராக இருந்த காலம்

1990களின் கணினியைப் பின்புறமாகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அச்சுப்பொறிக்கு 25 துளைகள் கொண்ட அகலமான இணைப்பு, மோடத்துக்கு வேறொன்று, விசைப்பலகைக்கு வட்டமான ஒன்று. திருகாணி வைத்து முறுக்க வேண்டும். பல கருவிகளைக் கணினியை அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையில் ஒரு வசதியும் இருந்தது: கேபிளின் முனையைப் பார்த்தாலே அது என்ன வேலைக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

இந்தத் தொல்லையை ஒழிக்கப் பிறந்ததுதான் யூ.எஸ்.பி. இன்டெல் நிறுவனத்தில் இதற்கான குழுவை வழிநடத்திய அஜய் பட், குஜராத்தின் வடோதராவைச் சேர்ந்தவர். அங்குள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் அச்சுப்பொறியை இணைக்கப் பட்ட பாடுதான் தன்னைத் தூண்டியது என்று பேட்டிகளில் கூறியிருக்கிறார். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பாக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய முதல் யூ.எஸ்.பி. விதிமுறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 1998இல் ஆப்பிளின் ஐமேக் கணினி பழைய இணைப்புகளைக் கைவிட்டு யூ.எஸ்.பி.யை ஏற்றபோது அது பரவலாகக் கவனம் பெற்றது. 2000இல் வந்த யூ.எஸ்.பி. 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மீண்டும் வரும்.

எப்படிச் செருகினாலும் முதல் தடவை பொருந்தாது என்று இந்தப் பின்னை உலகமே கேலி செய்தது. இருபுறமும் பொருந்தும்படி செய்திருந்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்பது அஜய் பட் சொன்ன விளக்கம். மலிவாக இருந்தால்தான் எல்லோரும் ஏற்பார்கள் என்ற அந்தக் கணக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

நான்கு கம்பிகள்

பழைய யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். வழக்கமாக, சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் வரும், கறுப்பில் திரும்பும். பச்சையும் வெள்ளையும் தரவுக்கு உரியவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைக் காட்டலாம்.

இனி முதல் கோளாறு. சார்ஜ் ஏற்ற சிவப்பும் கறுப்பும் போதும். தொடக்கக் காலக் கைபேசிச் சார்ஜர்களில் கேபிள் பிரிக்க முடியாதபடி ஒட்டியே இருந்தது; நிறுவனத்துக்கு நிறுவனம் முனையும் மாறியது. 2007இல் மைக்ரோ யூ.எஸ்.பி. முனை வந்தது. கைபேசிகளுக்குப் பொதுவான சார்ஜராக அதையே ஏற்பதென்று 2009இல் ஐரோப்பிய ஆணையத்துடன் பெரிய நிறுவனங்கள் உடன்பட்டன. அதன்பின் சார்ஜர் வேறு, கேபிள் வேறு என்றாயிற்று; கேபிள் தனியாக விற்கும் பண்டமாயிற்று. பச்சை, வெள்ளைக் கம்பிகளை விட்டுவிட்டால் செலவு குறையும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் 'டேட்டா கேபிளா, சார்ஜிங் கேபிளா?' என்று கேட்டால் அவர் நேர்மையானவர். கேட்காமல் கொடுத்தால், மலிவானதை வாங்கியவர் டேப்லெட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பார்.

மின்சாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் வழக்கமாகத் தரும் அளவு 500 மில்லி ஆம்பியர். சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் அது தாராளம். 2010இல் வந்த ஐபேட் போன்ற பெரிய பேட்டரிக் கருவிக்கோ 2 ஆம்பியருக்கு மேல் தேவைப்பட்டது. எனவே பல கணினிகளில் செருகியபோது 'சார்ஜ் ஏறவில்லை' என்ற செய்தியே திரையில் வந்தது. அது பழுதல்ல; பாசனக் கால்வாய் தேவைப்படும் வயலுக்கு வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டது போலத்தான்.

யார் கேட்பது, யார் சொல்வது

யூ.எஸ்.பி.யின் அடிப்படையில் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கணினி தலைமை, மற்றவை அதற்குக் கீழ். தலைமை கேட்டால்தான் கீழுள்ளது பதில் சொல்லும், தானாகப் பேசாது. இதனால்தான் கணினிப் பக்கம் தட்டையான முனையும், கருவிப் பக்கம் வேறு முனையும் வைத்தார்கள். டேப்லெட் இந்த ஒழுங்கைக் குழப்பியது. கணினியோடு சேர்ந்தால் அது கீழ். பென் டிரைவைச் செருகினால் அதுவே தலைமை. இந்த இரட்டை வேடத்துக்கு 2001இல் 'ஆன் த கோ' என்ற விதி வந்தது. ஓ.டி.ஜி. என்று நாம் வாங்கும் குட்டி இணைப்பான் அதன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

இரண்டாவது கோளாறு, கோப்புகளை யார் ஆள்வது என்பது. பழைய ஆண்ட்ராய்டு கைபேசியைக் கணினியில் செருகி இணைத்தால் அதன் நினைவக அட்டை ஒரு பென் டிரைவ் போலக் கணினிக்குப் போய்விடும். அந்நேரம் கைபேசியால் அதைத் தொட முடியாது. ஒரே நோட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் நோட்டுக் கெடும் அல்லவா? டேப்லெட்டுகளுக்கென 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இந்த முறையைக் கைவிட்டு, எம்.டி.பி. என்ற மைக்ரோசாஃப்ட் வழிமுறையை ஏற்றது. அதன்படி நோட்டு டேப்லெட்டிடமே இருக்கும்; கணினி கேட்கும் பக்கத்தை மட்டும் அது நகலெடுத்துத் தரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணினிக்கும் எம்.டி.பி. தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸுக்குத் தெரியும். ஆப்பிள் மேக் கணினிக்குத் தனிச் செயலி தேவைப்பட்டது. அக்கால லினக்ஸ் பலவற்றில் இந்த வசதி சரிவர வந்திருக்கவில்லை. ஒரே மடிக்கணினியில் விண்டோஸில் தெரிந்த டேப்லெட் லினக்ஸில் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். இப்போது எடுத்த படம் கணினியில் வராமல், டேப்லெட்டை அணைத்துத் திறந்தபின் வருவதும் எம்.டி.பி.யின் குணம்தான். டேப்லெட் தன் பட்டியலைப் புதுப்பித்தால்தான் கணினி அதைக் காணும்.

மூன்றாவது, அனுமதி. 2011 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், பொது இடத்துச் சார்ஜர் வழியாகவே கைபேசித் தரவு திருடப்படலாம் என்று எச்சரிக்க ஒரு சார்ஜிங் நிலையத்தை வைத்துக் காட்டினார்கள். 2013இல் ஐ.ஓ.எஸ். 7, 'இந்தக் கணினியை நம்பலாமா?' என்று கேட்கத் தொடங்கியது. 2015இல் ஆண்ட்ராய்டு 6, கேபிளைச் செருகினால் முதலில் சார்ஜ் மட்டும் என்று தானே வைத்துக்கொண்டது. நம் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு நமக்கே பழுதாகத் தோன்றுகிறது. திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பைக் கீழே இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தொட்டால் போதும்.

ஆகவே கோளாறு வந்தால் பின்னிருந்து முன்னாகத் தேடுவதே சுலபம். முதலில் அனுமதி. அடுத்து, கணினியில் வேறொரு போர்ட். அதற்கடுத்து, தரவு கடத்தும் என்று முன்பே தெரிந்த வேறொரு கேபிள். கடைசியாக, டேப்லெட்டின் வாயில் அடைந்திருக்கும் நூல்தூசி. கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி கூடாது. கடைக்குப் போவது இவற்றுக்குப் பிறகு.

டைப்-சி: மீண்டும் ஒரே முனை

2014இல் டைப்-சி வந்தது. 24 தொடுமுனைகள், எப்படிச் செருகினாலும் பொருந்தும், இரு பக்கமும் ஒரே வடிவம். பழைய கேலிக்கு விடை கிடைத்தது. ஆனால் எது தலைமை என்பதை வடிவம் இனிச் சொல்லாது. கருவிகளே பேசி முடிவு செய்ய வேண்டும். டேப்லெட் கணினியிடம் மின்சாரம் வாங்காமல், கணினிக்கே கொடுக்கத் தொடங்கும் வேடிக்கை இப்படித்தான் நடக்கிறது. அறிவிப்புத் திரையில் அதை மாற்றலாம்.

வேகத்தையும் வடிவம் சொல்வதில்லை. 2022இல் வந்த 10ஆம் தலைமுறை ஐபேடின் வாய் டைப்-சி. அதன் தரவு வேகமோ 2000ஆம் ஆண்டின் அதே 480 மெகாபிட். தவறாகச் செய்த கேபிள் ஆபத்தும் ஆகலாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் இணையக் கடைகளில் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து எழுதி வந்தார். 2016 பிப்ரவரியில், உள்ளே கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. அடுத்த மாதம், விதிக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடை விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் டைப்-சி கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-சிக்குத் தரநிலை வெளியிட்டிருக்கிறது. டைப்-சி விதிப்படி, இரு முனையும் டைப்-சியான கேபிளில் யூ.எஸ்.பி. 2.0 தரவுக் கம்பிகள் இருந்தே ஆக வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் டைப்-சி கேபிள் என்று ஒன்று இருக்கவே கூடாது. சந்தையில் அது கிடைக்கத்தான் செய்கிறது. உறையில் 'தரவு' என்றோ 480 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், முடிந்தால் கடையிலேயே கணினியில் செருகிக் காட்டச் சொல்வதும்தான் இப்போதைக்கு வழி.