பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்: உஹுராவும் நாமும்



ஊட்டியில் எடுத்த பழைய சினிமாப் பாடல்களைச் சத்தம் இல்லாமல் ஒருமுறை பாருங்கள். நாயகனும் நாயகியும் முன்னால் ஆடுவார்கள். பின்னால் தேயிலைச் சரிவில் கூடை மாட்டிய பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, வசனமும் கிடையாது. மலை, மேகம், மரம் மாதிரி அவர்களும் காட்சியின் ஒரு பகுதி. நாம் வேலை செய்யும் லைன் வீடுகளில் இருப்பவர்கள் அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கதையின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஒருவர் அந்த ஓரத்தை என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியோடு இன்று ஒரு அறிவியல் புனைகதைத் தொடரின் துணைப் பாத்திரத்தைப் பார்க்கப் போகிறோம். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் ஒரு விடுதலை இயக்கத்தின் வரலாறு இருக்கிறது.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. 23ஆம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் என்ற விண்கலம் நட்சத்திரங்களுக்கு இடையே பயணம் போகும் கதை. நாயகர்கள் கேப்டன் கிர்க்கும், கூர்மையான காதுகளைக் கொண்ட ஸ்போக்கும். அவர்களுக்குப் பின்னால், தகவல்தொடர்புப் பலகையின் முன் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரி அமர்ந்திருப்பார். அவர்தான் லெப்டினன்ட் உஹுரா. 'உஹுரு' என்ற சுவாஹிலிச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர் இது. நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ். முதல் தொடர் 79 அத்தியாயங்களோடு 1969-ல் முடிந்தது. அதன்பின் வந்த திரைப்படங்களிலும், 2022-ல் தொடங்கிய புதிய தொடரிலும் உஹுரா தொடர்ந்து வருகிறார்.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964-ல்தான் வந்தது. வாக்குரிமைச் சட்டம் 1965-ல். தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் வந்தால் பெரும்பாலும் சமையல்காரி, அல்லது வீட்டு வேலைக்காரி. அப்போது சிறுமியாக இருந்த வூப்பி கோல்ட்பெர்க் உஹுராவைப் பார்த்துவிட்டு, டிவியில் ஒரு கறுப்பினப் பெண் வருகிறார், அவர் வேலைக்காரி இல்லை என்று வீட்டாரிடம் கத்திக்கொண்டு ஓடியதாகப் பின்னாளில் சொன்னார். வளர்ந்து பெரிய நடிகையானதும் அதே ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரில் தானே கேட்டு வாங்கி நடித்தார்.

ஆனால் நிக்கோல்ஸுக்கு அந்த நாற்காலி சுகமாக இல்லை. அவருக்கு எழுதப்பட்ட வசனங்கள் வெட்டப்பட்டன. பல அத்தியாயங்களில், அழைப்பு வந்திருக்கிறது கேப்டன் என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடும். மற்ற நடிகர்களைப் போன்ற ஒப்பந்தம் தனக்கு இல்லை என்றும், ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் தன்னிடம் வராமல் தடுக்கப்பட்டன என்றும் அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். முதல் பருவம் முடிந்ததும் தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியிடம் விலகல் கடிதம் கொடுத்தார். மேடை நாடகத்துக்குத் திரும்புவது அவர் திட்டம்.

அந்த வாரக் கடைசியில் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனார். உங்கள் ரசிகர் ஒருவர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். தானும் மனைவி கொரெட்டாவும் பிள்ளைகளைக் கண்விழித்துப் பார்க்க அனுமதிக்கும் தொடர் இதுதான் என்று கிங் சொன்னார். விலகப் போவதாக நிக்கோல்ஸ் சொன்னதும் அவர் முகம் மாறியது. நீங்கள் விலகக் கூடாது, நாம் இருக்க வேண்டிய இடத்தில் முதன்முறையாக உலகம் நம்மைப் பார்க்கிறது, நீங்கள் எழுந்தால் அந்த நாற்காலியில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நிக்கோல்ஸ் வாழ்நாள் முழுவதும் பல மேடைகளில் இதை நினைவுகூர்ந்தார். அந்தத் திங்கட்கிழமை கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இதே கிங்தான் 1959-ல் இந்தியா வந்தார். கேரளத்தில் தலித் மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததையும், பிறகு யோசித்து ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்ததையும் 1965 ஜூலை 4 அன்று தன் தேவாலயத்தில் ஆற்றிய உரையில் கிங்கே சொல்கிறார். நம் பள்ளி மாணவர்கள் முன்னால் அந்தச் சொல்லைக் கேட்ட மனிதர்தான், ஒரு டிவி நாற்காலியின் விலை என்ன என்று நிக்கோல்ஸுக்குச் சொன்னார். இந்த உறவு இரு பக்கமும் ஓடியது. மகாத்மா பூலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யை அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் உஹுராவும் கிர்க்கும் முத்தமிடுவார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் இன்றும் பேசப்படும் காட்சி அது. இனக் கலப்புத் திருமணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆனால் கதையைக் கவனியுங்கள். வேற்றுக் கிரகத்து ஆட்கள் மனோசக்தியால் அந்த இருவரையும் கட்டாயப்படுத்துகிறார்கள். 23ஆம் நூற்றாண்டில்கூட ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளை ஆணும் தாமாக விரும்பி முத்தமிட்டதாக எழுத 1968-க்குத் துணிவு வரவில்லை. 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த நமக்கு அந்தத் தயக்கத்தின் பின்னால் இருக்கும் வன்முறை புரியும்.

நிக்கோல்ஸை நாம் கொண்டாடுவது அவர் அடுத்து செய்ததற்காக. நிஜ விண்வெளித் திட்டத்தில் எங்கள் ஆட்கள் எங்கே என்று அவர் நாசாவைக் கேட்டார். 1977-ல் நாசா அவருடைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கல்லூரி கல்லூரியாகப் போய், பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்கச் சொன்னார். அந்தச் சுற்றில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், மூன்று பேர் கறுப்பினத்தவர், ஒருவர் ஆசிய வம்சாவளியினர். அந்த அணியின் சாலி ரைடு 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அதே ஆண்டில் கையன் புளூஃபோர்டு விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். பொம்மைப் பலகைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட பெண், நிஜ விண்கலத்தின் கதவைத் தட்டித் திறக்க வைத்தார். 2022 ஜூலை 30 அன்று, 89 வயதில் இறந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். பழங்குடிகளின் நிலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் பங்களா கட்டியபோது நம் முன்னோர் பட்லராக, ஆயாவாக, கூலியாக இங்கே வந்தார்கள். துரைகளின் வரலாற்றில் அவர்கள் எடுபிடிகள். பண்டிதர் அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். எல்லிஸ் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பட்லர் கந்தப்பனின் பெயரைப் பேரன் எழுதியதால்தான் நாம் அறிகிறோம்.

நீலகிரியில் வளர்ந்த அந்தப் பேரன் 1870களில் இங்கேயே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பர் 1 அன்று இதே நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்தினார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சேர்ந்து நம் பிரதிநிதியாக அமர்ந்தார். இன்றும் பலர் அவரை அம்பேத்கர் பக்கத்தில் இருந்தவர் என்று மட்டுமே நினைக்கிறார்கள். அம்பேத்கர் பிறந்தது 1891-ல். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே பத்திரிகை தொடங்கிவிட்ட மனிதரைத்தான் நாம் இப்படித் துணைப் பாத்திரமாகச் சுருக்கிவிட்டோம்.

1964-ன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கியதுதான் இன்று டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டம். அந்த மக்களில் பெரும்பகுதி நம் மக்கள். அவர்களையும் அரசுக் கோப்புகள் 'தாயகம் திரும்பியோர்' என்ற ஒற்றை வார்த்தையில் அடக்கிவிட்டன.

இந்த வரலாற்றை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. லைன் வீட்டிலிருந்து கிளம்பிக் கல்லூரிக்கும் ஆய்வகத்துக்கும் ஐடி கம்பெனிக்கும் போன தம்பி தங்கைகள் நம்மிடம் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன், என் பேச்சை யாரும் கேட்பதில்லை, திரும்பி வந்துவிடவா?

கிங் மாதிரி "எழுந்திருக்காதே" என்று சொல்வது எளிது. ஆனால் அந்த நாற்காலியின் வலியைச் சுமந்தவர் நிக்கோல்ஸ், கிங் அல்ல. கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று கனவு கண்ட ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் நாம் இழந்தோம். நட்சத்திரங்களை நேசித்த ஒரு மாணவர் பல்கலைக்கழகத்தில் தனித்து நிறுத்தப்பட்டார். தனியாக இருந்து தாங்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எனவே நாம் சொல்வது இது. உட்கார்ந்திருப்பவருக்கு அது வலிக்கிறது என்றால் அவரைக் கோழை என்று பேசாதீர்கள். அவர் எழுந்து வந்தாலும் அவர் நம்மவர்தான். இருக்க முடிவு செய்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள், புகார் எழுத உதவுங்கள், விடுதிப் பிரச்சினை என்றால் நேரில் போய் நில்லுங்கள். இருப்பவரும் ஒன்றைச் செய்ய வேண்டும்: அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அனுப்புங்கள். நிக்கோல்ஸ் கல்லூரி கல்லூரியாக அலைந்து செய்தது அவ்வளவுதான்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970-லிருந்து வானத்திலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உஹுரா செய்த வேலையும் அதுதான், கேட்பது. அந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று முத்தொரைக்குப் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்லப்போகிறோம்? இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.

ஜெய்பீம்!